பெண் பார்க்க வந்தவர்கள் ஜூ டவுன் பார்த்த கதை

போன சனிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வர வேண்டியவர்கள் வரவில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சனிக்கிழமை கொச்சி ஜூ டவுனில், அதாவது யூதர் தெருவில், யூதர்களின் தொழுகைப் பள்ளி மூடியிருக்குமாம்!

சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறோம், அதையும் பார்த்துவிட்டால் ஒரே அலைச்சலோடு போகும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னார். எங்கள் அத்தாவும் அதற்கென்ன, தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

(அத்தா என்றால் அப்பா. பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் விற்கிற ராவுத்தர் குடும்பம் நாங்கள். நான் ஸ்கூலில் படித்தது மலையாளம். தமிழில் தப்பு இருந்தால் கமெண்டில் வந்து திட்டாதீர்கள்.)

ஆக, முதலில் அரண்மனை, அப்புறம் பள்ளி, அப்புறம் பழம்பொருள் கடை, கடைசியில் நான். எனக்கு மட்டும் டிக்கெட் கிடையாது.

காலையிலேயே வந்துவிடுவோம் என்றார்கள். அம்மா விடியும் முன்பே எழுந்து நெய்ச்சோற்றுக்கு ஏற்பாடு செய்தார். நான் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன்.

எங்கள் சந்துக்குள் கார் நுழையாது, மேப்பை நம்பி வந்தால் வேறு யார் வீட்டிலாவது போய் நிற்பார்கள். அதனால் அத்தா சந்து முனைக்கே போய்விட்டார். அங்கேதான் எங்கள் பழைய சுக்குக் கிடங்கு இருக்கிறது. அதன் கதவுக்கு முன்னால், வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களை அழைத்து வர நின்றார்.

மதியமாகியும் யாரையும் காணோம். அம்மா போன் செய்தார். அரண்மனையில் இருக்கிறார்களாம். டச்சு அரண்மனை என்கிறார்கள், கட்டியது போர்ச்சுகீசியராமே, கொச்சி ராஜா இருந்த இடம் என்கிறார்கள், ஒரு சிம்மாசனம்கூட இல்லையே என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே குறை. ஏதோ நாங்கள்தான் எடுத்து ஒளித்து வைத்தது போல!

நெய்ச்சோறு ஆறிப்போனது. நானும்தான்.

சாயங்காலம் அத்தா மட்டும் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பையனைப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டதற்கு, "பாத்தேன். நல்ல பையன். கடையெல்லாம் பாத்துட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அப்படியே ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருவழியாக வந்தார்கள். அடுத்த வீட்டுச் சேட்டன் போய் அழைத்து வந்தார். மாப்பிள்ளை கையில் ஒரு வெண்கல மணி. இருநூறு வருஷப் பழசு என்று சொல்லிக் கொடுத்தார்களாம். (உப்புத்தண்ணீரில் நாலு நாள் ஊறினால் நானும் இருநூறு வருஷப் பழசுதான்.) மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன இப்படி நெடி அடிக்கிறது என்றார். அது மிளகு நெடி. என்னைப் படிக்க வைத்த நெடி.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்த அத்தா எல்லோருக்கும் தன் கையாலேயே சாயா கொண்டு வந்து கொடுத்தார். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் வாங்கிக்கொண்டார்.

பையனும் பெண்ணும் பேசட்டும் என்று எங்களை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார்கள். என்ன படித்தாய், எங்கே வேலை என்று கேட்பார் என்று பார்த்தேன். (வில்லிங்டன் தீவில் கப்பல் ஏஜென்சியில் வேலை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.) அவர் போனை நீட்டி அன்றைக்கு எடுத்த படங்களைக் காட்டினார். அரண்மனைச் சுவரோவியம், பள்ளியின் நீலத் தரை ஓடு, பக்கத்தில் அவர். கடலோரத்துச் சீன மீன்வலை, பக்கத்தில் அவர்.

அடுத்த படத்தில் எங்கள் கிடங்குக் கதவு. கதவுக்கு முன்னால் தலையில் துண்டோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அத்தா. அதை அப்போதே போஸ்ட் போட்டிருந்தார், கீழே எழுதியிருந்தது: பழைய கதவு, பழைய தாத்தா, மட்டாஞ்சேரி வைப்ஸ்.

"இவருக்கு நேச்சுரலா நிக்கவே தெரியல. போட்டோன்னதும் துண்ட அவுக்கப் போனாரு. வேணாம், அதுதான் லோக்கலா இருக்குன்னு சொல்லி நிக்க வச்சேன்" என்றார்.

"அது எங்க அத்தா. உங்க கையில இருக்குற சாயாவ கொண்டு வந்து தந்தாங்கள்ல, அவங்கதான்" என்றேன்.

படத்தைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஸாரி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டெலீட் பண்ணணுமா? நல்லா ரீச் ஆயிட்டிருக்கு."

அவர்கள் போன பிறகு, யார் என்று ஏன் சொல்லவில்லை, எதற்கு அப்படிப் போய் நின்றீர்கள் என்று அத்தாவிடம் சண்டை போட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மாப்ளயாகப் போற புள்ள, போட்டோல பாத்த மொகம். என்னை அறிஞ்சுதான் ஆசையா போட்டோ எடுக்குதுன்னு நெனச்சேன்மா. அதான் சிரிச்சுட்டு நின்னேன். கடைப்பக்கம் நடந்தாங்க, பாத்துட்டு வரட்டும்னு நான் வந்துட்டேன்."

அதுவரை எனக்கு வந்தது எரிச்சல்தான். இதைக் கேட்ட பிறகு வந்ததுதான் கோபம். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலை போன் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வீடு நல்ல ஹெரிடேஜாக இருக்கிறது, கல்யாணத்தை அங்கேயே வைத்தால் போட்டோவெல்லாம் பிரமாதமாக வரும் என்றாராம் மாப்பிள்ளையின் அம்மா. அத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் போனை வாங்கினேன்.

"மாமி, ஜூ டவுன் பள்ளி சனிக்கிழமதான் மூடியிருக்கும். எங்க வீடு உங்களுக்கு எல்லா நாளும் மூடித்தான் இருக்கும்."

அந்தப் படம் இன்னும் அவர் பேஜில்தான் கிடக்கிறது. நல்ல படம், அதை நான் மறுக்கவில்லை. உங்களில் யாராவது அதைப் பார்த்தால், கமெண்டில் எனக்காக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

லோக்கல் தாத்தா இல்லை. காதர் ராவுத்தர், சுக்கு வியாபாரி, மட்டாஞ்சேரி. மருமகன் என்று நினைத்துச் சிரிக்கிறார்.