துவைக்காத துணிகள்

சட்டைப் பையில்தான் முதலில் கையை விடுவார். அப்புறம் மடித்துவிட்ட கையைப் பிரிப்பார், காலரை நிமிர்த்துவார், ஓர் உதறு உதறுவார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. கத்தரிக்கோல், பாதி தின்ற பிஸ்கட், ஒருமுறை ஒரு டாக்டரின் கல்யாண மோதிரம் என்று பைகளிலிருந்து அவர் மீட்டவை ஏராளம். அதனால் கூடத்தில் எல்லாருக்கும் அவர் பாக்கெட் அண்ணன். வீட்டிலும் கை சும்மா இருக்காது. விருந்தாளியின் கோட்டை வாங்கி மாட்டுகிற சாக்கில் பையைத் துழாவிவிடுவார். "என்னைக்காவது ஒரு நாள் போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பாங்க. ஜாமீனுக்கு நான் வரமாட்டேன், ஆமா" என்பாள் மனைவி.

வெளுப்பு மருந்தின் நெடியிலேயே நின்று நின்று மூக்கு முக்கால்வாசி போய்விட்டது. அதற்காக அவர் கவலைப்பட்டதே இல்லை. அழுக்குத் துணிக் குவியலில் வேலை பார்ப்பவருக்கு மூக்கு எதற்கு? வீட்டுக்கு மூக்கு மனைவிதான். பால் திரிந்ததும், அடுப்பில் தீய்ந்ததும், மழை வரப்போவதும் அவள் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

அவள் செத்துப்போன மறுநாள் காலையில் பாக்கெட் அண்ணன் அழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்தார். கூடையில் அவள் துணி கிடந்தது. உட்கார்ந்தார், துவைத்தார். கொடியில் கிடந்தவை, கதவுக்குப் பின்னால் தொங்கியவை, தலையணை உறை உட்படப் பதிமூன்று உருப்படி. சாயங்காலம் மச்சினி வந்து, மடித்து வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"சோப்பு வாசனைதான் மாமா வருது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை, துணியைப் பழையபடியே மடித்து வைத்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரிதான் மனுஷன் உடைந்து அழுதார். உலகத்தில் யாருக்கும் வராத புத்தி எனக்கு ஏன் வந்தது என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். "தொட்டு, மோந்து பாக்கிற மாதிரி ஒரு கண்காட்சி வைக்கப் போறாங்களாம். துவைக்காத துணியாப் பாத்துக் கேட்டாங்க. ஒண்ணு குடுத்துட்டேன்." எதைக் கொடுத்தாய் என்று இவர் கேட்டார். "ஏன், அதையும் துவைக்கணுமா?" என்று சிரித்தாள். தட்டில் சாப்பாடு சூடாக இருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆக, அவள் வாசனையோடு ஒரே ஒரு துணி இந்த ஊரில் மிச்சம் இருக்கிறது. அது ஒரு பழைய கிடங்குக்குள் முந்நூற்றுச் சொச்சம் துணிகளோடு தொங்குகிறது. யார் கொடுத்தது எது என்று பட்டியல் கிடையாது. கண்காட்சி ஏழு வாரம், அப்புறம் மூட்டை கட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. முதல் வியாழன் கண்காட்சியின் மற்ற அறைகளைத் தாண்டி நேரே துணிக் கூடத்துக்குள் ஓடினார். ஓடியவர் தேடினாரா? பழக்க தோஷம்! பதினோரு சட்டைகளின் பையைத் துழாவி, கையைப் பிரித்து, காலரை நிமிர்த்திவிட்டார். காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, ஐயா! தொடலாம், மோந்து பாக்கலாம். ஒழுங்குபடுத்தக் கூடாது. அவங்க கழட்டிப் போட்ட மாதிரியே இருக்கணும்."

வெட்கிப்போய் விஷயத்தைச் சொன்னார். "ஓடாதீங்க ஐயா. முதல் அறையிலிருந்து மெதுவா வாங்க. மெதுவா வந்தாத்தான் இது பிடிபடும்" என்றாள்.

அன்றிலிருந்து பாக்கெட் அண்ணனைப் போல அந்தக் கண்காட்சியைப் பார்த்தவர் யாரும் இல்லை. மற்றவர்கள் செல்போனில் நாலு படம் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் வெளியே போய்விடுவார்கள். இவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முதல் அறை கும்மிருட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். காலடியில் முதலில் கூழாங்கல், பிறகு ஈர மணல், பிறகு கம்பளி. கம்பளி வந்ததும் நின்று கால்விரலால் நெருடி, "இது தண்ணி பாத்த கம்பளி, சுருங்கியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இரண்டாவது அறையில் உயரத்திலிருந்து தகர வாளிகளில் நீர் சொட்டும். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு சத்தம். கண்ணை மூடிக் கேட்பார். வாசலில் ஒரு கிண்ணத்தில் உப்புக் கல். அதில் ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டுதான் துணிக் கூடத்துக்குள் போக வேண்டும். "கண்ணு, காது எல்லாம் அடங்கினா மூக்கு கொஞ்சம் முழிச்சுக்குதும்மா" என்று காவல்காரப் பெண்ணிடம் சொல்வார். புதன்கிழமைகளில் வெளுப்பு மருந்துப் பக்கமே போவதில்லை. மூக்குக்கு ஓய்வாம். சலவைக் கூடத்தில் கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்!

வாரத்துக்கு ஒரு வரிசை. பெண்களின் துணியாகப் பார்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். விரலால் தடவி, கன்னத்தில் ஒற்றி, கடைசியில் மோந்து பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே அடுத்த துணிக்கு நகர்வார். ஆறு வாரம் போயிற்று. ஒன்றும் அவளுடையது இல்லை.

கடைசி வியாழன், கடைசி வரிசையும் முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேடுவதற்கு இன்னொரு வரிசை இருந்தவரைக்கும் அவள் எங்கோ பக்கத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் காற்றில் முதல் வரிசையில் ஓர் ஆண் சட்டை திரும்பியது. நீலக் கட்டம் போட்டது. அட, இது என் சட்டையல்லவா! மூன்று மாதத்துக்கு முன்னால் காணோம் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கிய சட்டை. "எங்க போகும், கால் முளைச்சா போகும்?" என்று அவளும் கூடச் சேர்ந்து தேடினாளே, கள்ளி! காலையில் சமைக்கும்போது அவள் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்வது அந்தச் சட்டையைத்தான். கை நீளம் என்று மூன்று மடிப்பு மடித்துவிடுவாள். மூன்று மடிப்பும் அப்படியே இருந்தன. ஆண்களின் துணி என்று ஆறு வாரமும் அவர் தாண்டிப் போனது இதைத்தான்.

பையில் கையை விட்டார். ஓர் ஊக்கு, கொஞ்சம் பூண்டுத் தோல்.

முகத்தை அதில் வைத்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. காலரில் வைத்தார், கைக்குழியில் வைத்தார். தண்ணீரை மோந்தது போலிருந்தது. பாவி மூக்கு, இந்த ஒரு தடவைக்காவது உதவியிருக்கக் கூடாதா?

"அம்மா, இங்க வாயேன். நீ மோந்து பாத்துச் சொல்லு."

காவல்காரப் பெண் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவரிடம் கற்றது போலவே நிதானமாக மோந்து பார்த்தாள்.

"பூண்டு. அடுப்புப் புகை. கழுத்துகிட்ட தலை எண்ணெய்... கொஞ்சம் வேர்வை."

"வேர்வை ரொம்பவா?"

"இல்லைங்கய்யா, லேசா. நல்லாத்தான் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மோவாயில் வந்து நின்றது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்துட்டுப் போங்கய்யா. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்மா. வீட்டுக்கு வந்தா என் கை சும்மா இருக்காது." மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஞாயிறு வரைக்கும் இருக்கும்ல? நாளைக்கு என் மச்சினியைக் கூட்டிட்டு வரேன். அவளுக்கு நல்ல மூக்கு."

பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை தன்பாட்டுக்கு எழுந்து சட்டையின் மடிப்புக்குப் போய்விட்டது. முதல் மடிப்பின் ஓரத்தில் விரல் பட்டது. பாக்கெட் அண்ணன் அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தன் கால்சட்டைப் பைகளுக்குள் மணிக்கட்டு வரை திணித்துக்கொண்டு, அந்தச் சட்டைக்கு எதிரில் நின்றார்.