கைபேசிக்குள் ஒரு கும்மி

வண்டிப்பெரியாரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் என் கணவர் வயலின் வாசிக்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு எஸ்டேட் பெண்கள் கும்மி ஆடுவதென்று முடிவானபோது, பாட்டுக்கான இசைக்குறிப்பை அவரே பெரிய தாள்களில் எழுதினார். சர்ச் மைதானத்தில் அடித்த காற்றுக்கு, தாள்களைப் பிடிக்க மாட்டிய துணிக் கிளிப்புகள் ஈடுகொடுக்கவில்லை.

"இத அப்படியே போன்ல ஏத்திக் குடு" என்றார். டிடிபி வேலை பார்ப்பவளைக் கட்டியதன் பலன் அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

அப்படியே ஏற்றினால் ஸ்வரங்கள் கடுகாகத் தெரிந்தன. எனவே கணினியில் புதிதாக அடித்தேன். தாளில் வரிக்கு ஆறு தாளக் கட்டம், போனில் மூன்று. திரும்ப வாசிக்கச் சொல்லும் இரட்டைப் புள்ளி வந்தால் திரையைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அதனால் திரும்பும் அடிகளையும் விரித்தே எழுதினேன்.

போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பார்த்தார். "கொஞ்சம் நெருக்கமா இருக்கு."

இரண்டு கட்டமாக்கினேன்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பெருசா?"

"கண்ணாடி போட்டுப் பாருங்களேன்."

"எனக்கெதுக்கு? குறை உன் ஃபாண்ட்ல இருக்கு."

கடைசியில் திரைக்கு ஒரே கட்டம். ஒரு சின்னக் கும்மிப் பாட்டு, தள்ளத் தள்ளத் தீராமல் நீண்டது.

ஒத்திகையில் வில் பிடித்த கையாலேயே திரையையும் தள்ளினார். விரல் சற்று வேகமாக இழுத்துவிட, பாட்டு நேராக முடிவுக்குப் போய்விட்டது. வட்டமாக நின்ற பெண்கள் தட்ட எடுத்த கையோடு நின்றுவிட்டார்கள். கும்மியை முன்னின்று நடத்தியவர் என் மதினி, அவருடைய அக்கா.

"ஏலே, அதுக்குள்ள முடிச்சிட்டியா? நாங்க இன்னும் குனியவே இல்லியே."

"போன் சரியில்லக்கா."

மதினி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

மறுநாள், "கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து உன் கண்ணு கெட்டிருக்கும், காட்டிட்டு வருவோம்" என்று என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். என் கண்ணைச் சோதித்தவர் ஒரு குறையும் இல்லை என்றார். "வந்தது வந்தோம்" என்று இவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்ணாடி தயாராகிக் கைக்கு வந்ததும் கடை வாசலிலேயே போனைத் திறந்தார். "என்னட்டி இது, ஆனை சைஸ்ல அடிச்சு வச்சிருக்க? வரிக்கு மூணு கட்டமாவது வைக்கக் கூடாதா?"

முதலில் அடித்ததை நான் அழிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல், ஒரு சாயங்காலம் முழுக்க மும்முரமாக வேலை செய்கிறவள்போல் உட்கார்ந்திருந்து, அவர் போட்டுக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு அதையே அனுப்பினேன்.

பண்டிகையன்று கும்மி தடங்கலில்லாமல் போனது. முடிந்ததும் மதினி வியர்வையைத் துடைத்தபடி வந்து, "கண்ணாடி உனக்கு எடுப்பாத்தாம்ல இருக்கு" என்று தம்பியிடம் சொன்னார். இப்போது சாப்பிடும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.