சைட் ரெய்னில் இரண்டு ஓட்டை

1. ரூபி

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பதினாறு வருடம் பயிற்சியாளராக வேலை பார்த்தேன். எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். அங்கே நான் செய்த ஒரு தவறை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ரூபி ரேஸில் ஓடி முடித்துவிட்டு எங்களிடம் வந்த ஏழு வயதுப் பெண் குதிரை. ரேஸ் குதிரைகளுக்கே உரிய பழக்கம் அதற்கும் இருந்தது. தலையை மேலே தூக்கிக்கொண்டு, முதுகைக் குழியாக்கி ஓடும். அப்படி ஓடினால் ஏறியிருப்பவருக்கு இடுப்பு ஒடியும்; நாளடைவில் குதிரைக்கும் முதுகு போய்விடும்.

இதைச் சரிசெய்ய சைட் ரெய்ன் மாட்டுவோம். வாயிலிருக்கும் பிட் என்ற இரும்புக் கம்பியிலிருந்து வயிற்றுப் பட்டைக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோல் வார்கள். அதை மாட்டி, நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடுவோம். வார் தளர்வாக இருந்தால், குதிரை தானாகவே கழுத்தை இறக்கி முதுகை எழுப்பக் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கான தசை வளர மாதக்கணக்காகும். ரூபிக்கு ஆறு மாதம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ரூபியின் மேல் அதிகம் ஏறியது வித்யா. தென்காசிப் பெண். ஐ.டி. வேலை, திருவேற்காட்டில் ஃப்ளாட். விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து, ரூபியைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் நடத்திவிட்டுத்தான் ஏறுவாள். யாரையும் கிட்டே சேர்க்காத அந்தக் குதிரை அவளைப் பார்த்தால் கனைக்கும்.

2. ஓட்டை

இன்னும் ஒன்றரை மாதத்தில் ஒரு போட்டி வர இருந்தது. வித்யாவும் ரூபியும் போக வேண்டும் என்று ஓனர் முடிவு செய்தார்.

"மாஸ்டர், பாக்குறவன் கண்ணுக்குக் கழுத்து வளைஞ்சி தெரியணும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள வச்சிப் பாக்கலாம்" என்றார்.

அன்றே வாரை இரண்டு ஓட்டை இறுக்கினேன். தவறு என்று தெரிந்துதான் செய்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. மீதி, என்னால் முடியாதென்று அவர் சொல்லிவிட்டாரே என்ற ரோஷம்.

மூன்றே நாளில் ரூபியின் கழுத்து வில்லாக வளைந்தது. வேலி ஓரம் நின்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகவாய் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்ததையும், முதுகு முன்போலவே குழிந்து கிடந்ததையும் நான் பார்க்காமல் இல்லை.

ரூபியைப் பராமரித்த சைஸ், அதாவது குதிரைக்காரர், பாஷா பாய் இரண்டாவது வாரம் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், சரியா துன்ன மாட்டேங்குது. காதுக்குப் பின்னால கைய வச்சா ஒதறுது. வார கொஞ்சம் லூஸ் பண்ணு மாஸ்டர். அதுக்கு வலிச்சிகினு கீது."

தேய்த்துக் குளிப்பாட்டுவதை அவர் பார்த்தால் போதும், பயிற்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதன்பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

3. அந்தக் காலை

மூன்றாவது வாரம் ஒரு காலை வித்யா வர நேரமாகிவிட்டது. தசையைத் தளர்த்த நடத்திக்கொண்டு போகாமலே ரூபிக்கு சைட் ரெய்ன் மாட்டி நீளக் கயிற்றில் ஓடவிடத் தொடங்கினேன்.

மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வந்த லாரியிலிருந்து இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று விழுந்தது. பெரிய சத்தம்தான். ஆனால் அது மாதிரி சத்தத்தை ரூபி தினமும் கேட்டிருக்கிறது. மிரண்டால் தலையைத் தூக்கி என்னவென்று பார்க்கும், அடங்கிவிடும்.

அன்று தலையைத் தூக்க முடியவில்லை. வார் இழுத்துப் பிடித்ததும் பயம் இரண்டு மடங்காகிப் பின்னங்காலில் எழும்பியது. கழுத்தை நீட்ட முடிந்தால்தான் குதிரைக்கு சமநிலை கிடைக்கும். ரூபி அப்படியே மல்லாக்க விழுந்தது.

பாஷா பாய் ஓடி வந்து கத்தியால் வார்களை அறுத்தார். ரூபி முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி வரவில்லை. மூன்று முறை முயன்றது. டாக்டர் வந்து, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, வலியில்லாமல் சாக ஊசி போடுவதைத் தவிர வழியில்லை என்றார். பாஷா பாய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

வித்யா வந்தபோது மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. மெட்ரோ சத்தத்தில் மிரண்டுவிட்டது என்று ஓனர் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

4. வித்யா

பத்து நாள் கழித்து வித்யா போன் செய்தாள். அன்றைக்குக் குமணன்சாவடி நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டதால்தான் தாமதமாம். நேரத்துக்கு வந்து தான் நடத்தியிருந்தால் ரூபி மிரண்டிருக்காது, தூங்கவே முடியவில்லை என்று அழுதாள்.

அன்று மாலையே அவள் ஃப்ளாட்டுக்குப் போனேன். கேட் அருகே நின்றபடி, வாரை இறுக்கியதையும் ஏன் இறுக்கினேன் என்பதையும் சொன்னேன்.

"பாஷா அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. வந்து சொன்னாரு. நான்தான் கேக்கல."

 "மூணு வாரமா வலியோட இருந்திருக்கு. அது மேல நான் ஏறி உக்காந்திருந்தேன் மாஸ்டர்" என்றாள்.  உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் குதிரையின் மேலும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டதை ஓனரிடம் தெரிவித்தேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்.

இப்போது ஆவடிப் பக்கம் வேறு ஒரு இடத்தில் வாரம் மூன்று நாள் சொல்லிக்கொடுக்கிறேன். சைட் ரெய்னை இன்றும் பயன்படுத்துகிறேன். மாட்டும் முன் குதிரையை நடத்துங்கள். மூக்கு, நெற்றிக்கு நேர்கீழே இறங்காமல் சற்று முன்னால் நிற்க வேண்டும். மிரண்டால் தலையைத் தூக்கிப் பார்க்க இடம் விடுங்கள். சைஸ் ஏதாவது சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கழுத்து வளைந்திருப்பது வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் தெரியும். வலிக்கிறதா என்பது பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த மூன்று வாரத்தில் ஒரு முறைகூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.