குரல் கட்டிய நாட்களும் கீழ்வீட்டுத் தும்புத்தடியும்

இரண்டு வருடங்களுக்கு முன், உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் நடந்த சங்கதி இது. நான் கணக்கீடு படிப்பிக்கும் டியூசன் ரீச்சர். வார நாட்களில் கொட்டாஞ்சேனையில், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில் வகுப்பு. ஞாயிறு காலையில் வீட்டிலேயே கொஞ்சப் பிள்ளைகள். மழை பெய்தால் தகரத்தோடு போட்டி போட்டுக் கத்துவேன், மழை இல்லாவிட்டால் மின்விசிறியோடு. ஒரு ஞாயிறு காலை பெறுமானத் தேய்வு பற்றிச் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது.

டொக்டர் மூக்கு வழியாகச் சின்னக் கமரா ஒன்றை விட்டுப் பார்த்தார். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே சிறு முடிச்சுகள். செருப்புக் கடித்த இடம் தடித்துப்போகுமே, அப்படி.

“கொஞ்ச நாளைக்கு வாய் திறக்கக் கூடாது. குறையாட்டி ஒப்பரேசன்தான். பிறகும் பழைய குரல் அப்பிடியே வரும் எண்டு நான் சொல்ல மாட்டன்” என்றார்.

குரல் போனால் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? ஊமைபோல இருந்துவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விட்டால்தானே!

வெள்ளவத்தையில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் பொழுது சாய்வதற்குள் எங்கள் பெருந்தெருவான காலி வீதியின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். தெரிந்தால் வரவேண்டும். வராவிட்டால் குறை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, வருத்தம் தொடங்கிய கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அதைவிடப் பெரிய குறை. ஆளுக்கொரு பை அப்பிளோடு வந்தார்கள். “கதைக்க வேண்டாம், கதைக்க வேண்டாம்” என்று கையைப் பிடித்தார்கள். அடுத்த மூச்சிலேயே “எப்பிடித் தொடங்கினது?” என்று கேட்டார்கள். இவர்களை என்ன செய்வது?

என் கணவர் இன்னொரு தலையிடி. யார் மணி அடித்தாலும், “வாங்கோ வாங்கோ, உள்ளுக்கத்தான் இருக்கிறா” என்று அழைத்துவந்து உட்காரவைப்பார். பிறகு, “கலியாணம் கட்டின நாளில இருந்து இப்பிடி ஒரு நிம்மதியை நான் காணேல்லை” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். திருப்பிச் சொல்ல என்னிடம் பத்துப் பதில் இருந்தது, ஒன்றையும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அந்த எரிச்சலிலேயே பாதி வருத்தம் கூடியிருக்கும்.

கனடாவில் இருக்கும் மச்சாள் வீடியோவில் வந்து, “ஒரு சொல்லு மட்டும் சொல்லுங்கோ, குரலைக் கேட்டாத்தான் எனக்கு மனம் ஆறும்” என்று அழுதா. அவவின் மனம் ஆறுவதற்கு என் குரல் வேண்டுமாம்!

வைத்தியங்களோ கணக்கில்லை. மிளகும் தேனும், மல்லித் தண்ணீர், அதிமதுரம். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். குடித்துக் குடித்து வயிறுதான் எரிந்தது.

இத்தனைக்கும் நான் சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிசுகிசுத்துத்தான் பதில் சொன்னேன். குரலே வெளியில் வராதபோது அது எப்படிப் பேச்சாகும்? நானும் அப்படித்தான் நினைத்தேன், வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மறுபடி காட்டப் போனபோது டொக்டரின் முகம் மாறியது. வீக்கம் கூடியிருந்தது.

“கிசுகிசுத்துக் கதைச்சனீங்கள்தானே?”

தலையை ஆட்டினேன்.

“அதுதான் இன்னும் கூடாது. குரல்நாணைப் போட்டு நெரிக்கிற வேலை அது. ஏன், ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

நீங்கள்தான் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கஷாயங்களைப் பற்றி என் கணவர் கேட்டார். விழுங்குகிற எதுவும் குரல்நாணில் படாது, பட்டால் புரைக்கேறிவிடும் என்றார் டொக்டர். நான் குடித்துத் தீர்த்த அதிமதுரத்தை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு தவணை தந்தார். அதற்குள் குறையாவிட்டால் கத்திதான்.

திரும்பி வந்தபோது படியில் கீழ்வீட்டு அன்ரி நின்றார். அந்த வீட்டில் தனியாக இருப்பவர். எனக்கும் அவருக்கும் வருடக்கணக்கில் பகை. ஞாயிறு வகுப்பில் என் சத்தம் கூடினால் தும்புத்தடியால், அந்த நீளக் கைபிடி விளக்குமாற்றால், தன் வீட்டு முகட்டில் இடிப்பார், எங்கள் தரை அதிரும். நானும் விட்டுக்கொடுக்காமல் இன்னும் கொஞ்சம் உரக்கப் படிப்பிப்பேன். அவரிடம் என் கணவர் வாயை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மனதுக்குள் சந்தோசப்படுகிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதிசயமாக இருந்தது. பிறகு கீழே பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். அன்ரி படியை மறித்துக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அப்பிள் பையோடு ஒரு தம்பதி.

“நாங்கள் சும்மா ஒருக்காப் பாத்திட்டு...” என்றார் வந்தவர்.

“நீங்கள் பாத்தா அவ வாயைத் திறப்பா. திறந்தா குரல் போயிடும். பிறகு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? பையைத் தாங்கோ, குடுத்துவிடுறன்.”

என் சொந்தத் தங்கைக்கும் இதே மரியாதைதான் நடந்தது. அவளுக்குக் கோபம். எனக்கு முதல்முறையாக மூச்சு விட நேரம் கிடைத்தது. உண்மையிலேயே வாய் திறக்காமல் இருந்தேன், கணவர் கேலி செய்தபோதுகூட. அடுத்த முறை கமராவில் முடிச்சுகள் பாதியாகியிருந்தன. ஒப்பரேசன் வேண்டாம் என்றார் டொக்டர். பிறகு குரற்பயிற்சி, இடைக்கிடை தண்ணீர், சின்ன மைக் ஒன்று என்று மெல்ல மெல்லத் தேறினேன். பிள்ளைகள் தங்கள் பாட்டில் படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டார்கள்.

அடுத்த வருடப் பிள்ளைகளோடு ஞாயிறு வகுப்பை மறுபடி தொடங்கினேன். மிக மெதுவாகத்தான் பேசினேன். பாதி வகுப்பில் தரை அதிர்ந்தது. அதே தும்புத்தடி! இதற்கு மேல் எப்படித்தான் மெதுவாகப் பேசுவது என்று கொதித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

அன்ரி கதவைத் திறந்தார். “இண்டைக்கு ஒண்டுமே கேக்கேல்லை. குரல் வந்ததோ இல்லையோ எண்டு பாக்கத்தான் இடிச்சனான்.”

“வந்திட்டுது அன்ரி” என்றேன்.

“அப்ப சரி. போய்ப் படிப்பியுங்கோ, சத்தம் போடாமல்” என்று கதவைச் சாத்திவிட்டார்.

இப்போதும் யாருக்காவது வருத்தம் என்றால் நானும் அப்பிள் வாங்கிக்கொண்டு போகத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு கேள்வியும் கேட்காமல் பையை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அத்தனை அன்பானவர்களிடமிருந்தும் என் குரலைக் காப்பாற்றித் தந்தவர் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாத ஒருவர்தான் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்து என்னைச் சிரிக்கவும் வைக்கிறது, கலங்கவும் வைக்கிறது.