முதுகில் அப்பாவின் பெயர்

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். ரொறன்ரோவிலிருந்து ஏழு மணி நேரப் பறப்பு. கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் அம்மா கட்டித் தந்த ஒரு கிலோ பருத்தித்துறை வடை. வடையைவிடப் பாரமாக அம்மாவின் கட்டளையும் கூட வந்தது: "தம்பியைக் கையோட கூட்டிக்கொண்டு வா." திங்கள் மாலை திரும்பும் விமானத்தில் அவனுக்கும் ஓர் இருக்கை பதிந்திருந்தேன். அவனைக் கேட்டுப் பதியவில்லை. எங்கள் வீட்டில் மூத்த பெண்பிள்ளை அப்படித்தான்.

தம்பி கஜனுக்கு வயது முப்பத்துநான்கு. தொழில் ஐஸ் ஹொக்கி. தொலைக்காட்சியில் காட்டுகிற, கோடிகளில் புரள்கிற ஹொக்கி என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு அணிகள். எல்லாம் ஒரு பருவ ஒப்பந்தம். சிலவற்றில் பருவம் முடியுமுன்பே "போய் வா" என்று கை குலுக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்கள், பிறகு டென்மார்க், போலந்து, சுலோவாக்கியா, ஸ்கொட்லாந்து, இப்போது லண்டன். பெரிய லீக் ஒரேயொரு முறை கூப்பிட்டது. இரண்டு நாள் உடைமாற்றும் அறையில் இருந்துவிட்டு, ஐஸில் கால் வைக்காமலே திரும்பினான். சொந்தக்காரர் கேட்டால், "கொம்பனி வேலை, அடிக்கடி இடம் மாத்துவினம்" என்பார் அம்மா. அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

இந்தக் குளிர்காலத்தில் அவனுக்குத் தலையில் மூன்றாவது தடவை அடி விழுந்தது. எட்டு நாள் வெளிச்சம் தாங்காமல் திரையை மூடிக்கொண்டு கிடந்தான். இன்னொரு அடி தாங்காது, நிறுத்திவிடு என்று மருத்துவர் சொன்னதை எனக்கு மட்டும்தான் சொன்னான். நான் மருந்தகத்தில் வேலை செய்பவள், வாயை மூடத் தெரியும். இதில் மூடவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அதன் பலன்தான் இந்தப் பயணம்.

ஹீத்ரோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பிக்கடிலி பாதையில் ஏறி, ஹமர்ஸ்மித்தில் எதிர்ப்பக்கம் நிற்கும் டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறினால் போதும். படி ஏறி இறங்கும் வேலை இல்லை. கட்டணம் ஆறு பவுணுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். ஈஸ்ட் ஹாம் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவை யாரோ பிடித்து நெருக்கி வைத்த மாதிரி ஒரு தெரு. நகைக்கடை, சேலைக்கடை, பெட்டி பெட்டியாக முருங்கைக்காய். அந்த நெருக்கத்துக்குள் ஒரு தலை உயரமாகக் கஜன் நின்றான். முன்பல் இரண்டு செயற்கைப் பல். சிரித்தபோது அவை மட்டும் மிக வெள்ளையாக இருந்தன.

பகல் ஒன்றரைக்கு மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டோம், ஆளுக்கு எட்டரைப் பவுண். அவன் போனை எடுத்து எதையோ வாசித்தபோது இடது கண்ணை மூடிக்கொண்டதைக் கவனித்தேன்.

"ஏன் ஒரு கண்ணால வாசிக்கிறாய்?"

"ரெண்டாலயும் வாசிச்சா எழுத்து ஆடுது அக்கா."

போனை என் பக்கம் திருப்பினான். பன்னிரண்டாவது அணியின் அழைப்பு. போலந்தில் ஒரு நிலக்கரி ஊர். திங்கள் நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அம்மாவின் கட்டளையையும் விமான இருக்கையையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"நாளைக்கு சீசன்ர கடைசி மட்ச். வந்து பார். பிறகு கதைப்பம்."

ஞாயிறு மாலை நான்கரைக்கு மைதானத்துக்கு வாடகைக் கார் பிடித்தேன். எட்டு கிலோமீட்டர், பதினாலு பவுண். ஓட்டுநர் சாவகச்சேரிக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஐஸ் ஹொக்கியோ? எங்கட பிள்ளையோ?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை, என்ர தம்பி."

"நாங்கள் ஐஸில நடக்கவே பயந்து சாகிறம். ஆர் பழக்கினது?"

அப்பாதான். அப்பாவுக்குச் சறுக்கத் தெரியாது, ஆட்டத்தின் விதிகளும் தெரியாது. எதிரணி கோல் போட்டாலும் கை தட்டுவார். ஆனால் பேக்கரி வேலை முடித்த உடுப்போடு காலை ஐந்து மணிக்குத் தம்பியை ஐஸுக்கு ஏற்றிக்கொண்டு போனது பன்னிரண்டு வருடம். அவர் இறந்து மூன்று ஆண்டுகள். இதையெல்லாம் அந்த மனிதரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இறங்கும்போது, "தம்பி வெல்லட்டும் பிள்ளை" என்றார்.

நுழைவுச்சீட்டு பதினாறு பவுண். உள்ளே எழுநூறு பேர் இருப்பார்கள். குளிர் பாதத்தில் ஏறித் தொடைவரை வந்தது. பக்கத்து இருக்கையில் ஜேன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரப் பெண். கஜன் என் தம்பி என்றதும் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். இங்கே ரசிகர்கள் ஆளுக்கொரு விளையாட்டுக்காரரின் சட்டைக்குப் பணம் கட்டி ஆதரவளிப்பார்களாம். கடைசி ஆட்டம் முடிந்ததும் விளையாட்டுக்காரர் அதை ஐஸிலேயே கழற்றி அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கஜனின் சட்டை ஜேனுக்கு.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கஜன் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு வேகமாக வர, அதைத் தன் உடம்பால் மறித்தான். கூட்டத்தில் ஒருவர் மேளத்தை நான்கு முறை அடித்தார். உடனே எழுநூறு பேரும் கத்தினார்கள்:

"செல்-லத்-து-ரை!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். செல்லத்துரை என் அப்பா.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர்தான் பிள்ளைகளின் பின்பெயர். கல்யாணம் முடிந்ததும் என் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர் வந்துவிட்டது. அப்பாவின் பெயர் தம்பியின் சட்டை முதுகில் மட்டும் மிஞ்சியது. வீட்டில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. அம்மா புருஷனின் பெயரைச் சொல்லாத தலைமுறை. கனடாவுக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் "கணவர் பெயர்?" என்று கேட்டால் அம்மா எங்களைப் பார்ப்பார். நாங்கள் ஒரு துண்டில் எழுதி நீட்டுவோம். அப்படிப் பொத்திவைத்த பெயரை இந்த வெள்ளைக்காரர்கள் மேளம் அடித்துக் கூப்பிட்டார்கள். ஜேன் எல்லோரையும்விடத் திருத்தமாகச் சொன்னார். பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்று கஜனிடமே கேட்டுப் பழகினாராம். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கடைசிப் பகுதியில் எதிரணியில் ஒருவன் கஜனைப் பக்கச் சுவரோடு மோதித் தள்ளினான். கஜன் விழுந்து, முழங்காலில் நின்று, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். எழும்பினான். மறுபடி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை இருந்த சந்தோஷம் எனக்கு இந்தத் தடவை வரவில்லை.

நாலுக்கு இரண்டு என்று தோற்றார்கள். சட்டையை வாங்கி வந்த ஜேன், கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதற்காக அதை ஒரு நிமிடம் என் கையில் தந்தார். வியர்வையில் நனைந்து கனத்தது. எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். அம்மாவுக்காகக் கேட்கலாமா என்று நாக்குநுனிவரை வந்தது. ஆனால் ஜேன் ஓர் ஆட்டம் தவறாமல் வந்தவர், நான் பதின்மூன்று வருடத்தில் இன்றைக்குத்தான் வந்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில், இருபத்தைந்து கிலோப் பையின் மேல் உட்கார்ந்திருந்தான் கஜன்.

"உன்னட்ட ஒரு சட்டையாவது இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாம் கிளப்பின்ர. பதினொண்டும் போயிட்டுது."

"தலையில இன்னொரு அடி விழுந்தா என்ன நடக்கும் எண்டு தெரியுமெல்லோ? பிறகேன் போலந்து?"

அவன் காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அக்கா, அப்பா செத்தபிறகு அவற்ற பேரை ஆர் சொன்னது? அம்மா சொல்லமாட்டா. நீயும் நானும் அப்பா எண்டுதான் சொல்லுவம். செத்தவீட்டில ஐயர் சொன்னதுதான் கடைசி. இஞ்ச கிழமைக்குக் கிழமை இவ்வளவு சனம் கூப்பிடுது. நான் ரிட்டயர் பண்ணினா, அதோட சரி. பிறகு ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

அவன் பக்கத்தில் அந்தப் பையிலேயே உட்கார்ந்தேன்.

திங்கள் காலை பத்து மணி. ஸ்காபரோவில் ஐந்து. அம்மா இன்றைக்கும் அப்பாவின் அந்தப் பழைய நேரத்துக்குத்தான் எழும்புகிறார். கஜனின் அறை ஜன்னலுக்குக் கீழே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கடைக் கதவுகள் மேலேறும் சத்தம். ஸ்காபரோவில் கடைக்குப் போக வண்டி எடுக்க வேண்டும். இங்கே படி இறங்கினால் கறிவேப்பிலை. ஆனாலும் அவன் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கப்படவில்லை. எட்டு மாதம் இருந்த அறை, அரை மணி நேரத்தில் காலி செய்யலாம். பதினொரு ஊரிலும் இப்படித்தான் இருந்திருப்பான்.

போனை ஒலிபெருக்கியில் போட்டு, வாகனத் தரிப்பிடத்தில் அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். கஜன், "விடு அக்கா" என்று கையை நீட்டினான். நான் விடவில்லை.

மறுமுனையில் கேத்தல் கொதித்துத் தானே நின்ற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"செல்லத்துரை" என்றார் அம்மா.

கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. குரல் பிசிறியது. தொண்டையைச் செருமிவிட்டு, இன்னும் சத்தமாக, "செல்லத்துரை" என்றார். பிறகு, "கேட்டதோ தம்பி? இனி நான் கூப்பிடுறன். நீ வீட்டை வா."

கஜன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். நண்பகலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசியில் தன் போனை எடுத்தான், ஒரு கண்ணை மூடினான், போலந்துக்கு இரண்டு வரி தட்டி அனுப்பினான்.

"பிளேன் எத்தினை மணிக்கு அக்கா?" என்று கேட்டான்.