வெள்ளைக் கோட்டுத் தாத்தா

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவுடைய தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல், வெள்ளைக் கோட்டு, ஒரு முறைப்பு. அவர் பெரிய டாக்டர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எனக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட அப்பா அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மாத்திரை சொல்வார்.

இந்தப் பெருமைக்குப் பலியானவர் என் அத்தை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். டாக்டர் வீட்டுப் பெண்ணை டிரைவருக்குக் கொடுக்க முடியாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அண்ணன் பேச்சை மீறி அத்தைக்குப் பழக்கமில்லை. ஆனால் வேறு யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. முப்பது வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் அப்பாவுக்குக் குடும்ப வரலாற்றை அச்சடிக்கும் ஆசை வந்தது. முதல் பக்கத்துக்கு ‘எங்கள் குலத்தின் முதல் மருத்துவர்’ என்று தலைப்பும் எழுதி வைத்துவிட்டார். விவரம் திரட்டும் வேலையை, ஓய்வுபெற்றுச் சும்மாதானே இருக்கிறாள் என்று அத்தை தலையில் கட்டினார். அத்தை ஆறு வாரம் ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தார். துணைக்கு நானும் போனேன்.

பழைய ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் பட்டியலில் தாத்தா இல்லை. கம்பவுண்டர்கள் பட்டியலிலும் இல்லை. கடைநிலை ஊழியர் பதிவேட்டில் இருந்தார்: ஸ்ட்ரெச்சர் தூக்குபவர். பத்தொன்பது வயதில் சேர்ந்து முப்பத்தொரு வருஷம். கட்டடம் மூன்று மாடி, லிப்ட் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு வெள்ளைக் கோட்டு சீருடையாகக் கொடுத்திருக்கிறார்கள். மகன் பிறந்ததற்கு ஒரு நாள் லீவு. ஓரத்தில் மேலதிகாரி ஒருவர், ‘நோயாளியைக் குலுக்காமல் மாடியேற்றுவார்’ என்று எழுதியிருந்தார். அத்தைக்கு அந்த ஸ்ட்ரெச்சர் தாத்தாவைப் பிடித்துப்போய்விட்டது. அந்த வரியை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையின் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நகலைப் பார்த்த அப்பா, அது வேறு யாராவதாக இருக்கும் என்றார். அத்தை அந்தத் தாத்தாவுடைய மகனின், அதாவது தங்கள் அப்பாவின், பிறப்புப் பதிவை எடுத்து வைத்தார். தகப்பனாராக, ஊழியர் பதிவேட்டில் இருந்த அதே பெயர், அதே கதவு எண். தகப்பனாரின் தொழில் என்ற இடத்திலும் அதே ஸ்ட்ரெச்சர். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“சரிம்மா, ‘ஆஸ்பத்திரியில வேலை’ன்னு மட்டும் போட்டுக்கலாம். அது பொய் இல்லையே.”

அத்தை காகிதங்களை அடுக்கி உறையில் போட்டார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“போடுங்கண்ணா. அவரைப் பத்தியும் அன்னைக்கு அப்படியே சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆஸ்பத்திரியிலதான் வேலை.”

யாரை என்று அப்பா கேட்கவில்லை.