இரண்டாம் தரம் அடைத்த குழாய்

இரண்டாம் மாடிச் சன்னலின் கைப்பிடியைப் பிடித்துக் குகநாதன் ஆட்டிப் பார்த்தார். அது நேற்றும் ஆடவில்லை, முந்தாநாளும் ஆடவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் குனிந்து, அங்கே இல்லாத ஒரு கறையை நகத்தால் சுரண்டினார். நான்காம் மாடியில் விளக்கின் பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிட்டு அண்ணாந்து நின்றார். விளக்கு எரிந்தது. மூச்சு ஒழுங்குக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் மூன்று குடியிருப்புக் கட்டடங்களுக்கு அவர் ஹவுஸ்வார்ட். படிக்கட்டுக் கழுவுவது, குப்பைத் தொட்டிகளை வெளியே தள்ளி வைப்பது, பனி வழிப்பது, குழாய் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பத்தொன்பது வயது. இடுப்பில் கதவுத் திறப்புகளின் கோர்வை. சட்டைப் பையில் ஒரு பழைய பல்தூரிகை. ஷவர் துளைகளில் படியும் சுண்ணாம்பை எடுக்க. நாள் தவறாமல் சன்னல் பார்க்கிற ஹவுஸ்வார்ட்டைத் தான் கண்டதே இல்லை என்று இரண்டாம் மாடிச் சுவிஸ் மூதாட்டி அவருக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நிலவறையில், கருவிகள் வைக்கும் தட்டில், பிரிக்காமல் கிடக்கிறது.

குழாய் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "முதல்தரம் அடைச்சால் குழாய் பழசு. ரெண்டாந்தரம் அடைச்சால், இருக்கிற ஆள் எண்ணெய் ஊத்துறார்." முதல் தரம் முகம் சுளிக்காமல் திறந்துவிடுவார். இரண்டாம் தரம் கூப்பிட்டால் குழாயைவிட ஆளைத்தான் அதிகம் உற்றுப் பார்ப்பார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அவருடைய இதயக் குழாய் ஒன்று அடைத்து, ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வருடம் அவர் ஊர் ஊராகப் போகாத பிரசாரகர். கலியாண மண்டபங்களில் கை துடைக்கும் கடதாசியை விரித்து இதயப் படம் கீறுவார். பேனைக்குள் இருக்கும் சுருள்கம்பியைக் கழற்றி, இதுதான் ஸ்டென்ட் என்று காட்டுவார். "ஒரு மணித்தியால வேலை. கையாலை கம்பியை விட்டுக் குழாயைத் திறந்து, வலையை வைச்சிட்டு வாறாங்கள். பிறகு ஆயுளுக்கும் பயமில்லை." இவர் கீறி முடித்தால்தான் எங்களுக்குச் சோறு வரும் என்று யாரோ பகிடி விட, மனைவி கஜலக்சுமி, "இஞ்சை கீறட்டும் விடுங்கோ. வீட்டிலை எண்டால் மேசைச் சீலையிலையெல்லோ கீறுறார்" என்றார்.

டாக்டர் சொன்ன ஒன்றை மட்டும் அவர் எந்தக் கடதாசியிலும் கீறவில்லை. சிலருக்கு அந்த வலைக்குள்ளேயே தசை வளர்ந்து குழாய் திரும்பவும் ஒடுங்கலாம். நீரிழிவுக்காரருக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். நெஞ்சு இறுக்கம் திரும்பினால் தாமதிக்காமல் வர வேண்டும். குகநாதனுக்கு நீரிழிவு இருக்கிறது. இறுக்கம் திரும்பி ஐந்து கிழமையாகியும் அவர் போகவில்லை.

நான் மூன்றாம் மாடியில் குடியிருப்பதால் எனக்கு அது தெரிய வந்தது. கதவைத் திறந்தபோது உதடு வெளுத்து, சுவரோடு சாய்ந்து நின்றார்.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். மனுசிக்கும் தெரியாது."

டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"என்ன முகத்தோடை போறது? எண்ணெய் ஊத்தினனோ எண்டெல்லோ பாப்பாங்கள்."

அவராகவே சொன்னார். "சிகரெட் தொடேல்லை. கொத்துரொட்டி ரெண்டு தரம். சத்தியமா ரெண்டே ரெண்டு தரம்." வாத்தியார் முன் நிற்பவர்போல இரண்டு விரலைக் காட்டியபடி நின்றார். என்னால் அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை. கஜலக்சுமியைப் படியில் கண்டபோதெல்லாம் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அவர் கீறிய படத்தை நம்பி மனம் மாறியவர் மகேஸ்வரன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஸ்டென்ட் என்றதும் ஒளித்துத் திரிந்தவரைக் குகநாதன்தான் இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நின்று ஜெர்மன் மொழிபெயர்த்து, வைப்பித்தார். இருவரின் ஸ்டென்ட்டுக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம்.

போன சனிக்கிழமை மகேஸ்வரன் வந்தார். குகநாதன் வாசற்படி கூட்டிக்கொண்டிருந்தார். நான் கடிதப் பெட்டியடியில் நின்றேன்.

"அண்ணை, ஒரு கிழமையா ஏத்தம் ஏறேக்கை நெஞ்சைப் பிடிக்குது. வயித்திலை காஸ் எண்டு இஞ்சித் தண்ணி குடிக்கிறன்."

"டாக்டரிட்டைப் போகேல்லையோ?"

"ஏன் போவான்? உங்கடை நல்லாத்தானே இருக்கு. ஒரே காலத்துச் சாமான் அண்ணை. உங்கடை அடைச்சால்தான் நான் பயப்பிடோணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

குகநாதன் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். "தம்பி, காரை எடும்" என்றார் என்னிடம். மகேஸ்வரனைப் பின்னால் ஏற்றித் தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி மகேஸ்வரனின் மணிக்கட்டில் பெயர்ப் பட்டியைச் சுற்றியபடி ஆறுதலாகப் பேசினார். குகநாதன் வழக்கம்போல ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினார். "வந்தது நல்லதாம். முதல்ல இசிஜி எடுப்பினமாம். திரும்ப ஒடுங்கியிருந்தாலும் உன்ரை பிழை எண்டில்லையாம். உடம்பு தன்ரை பாட்டிலை தசை வளர்க்கிறதாம். சில பேருக்கு..." அந்த இடத்தில் குரல் இறங்கியது. "சில பேருக்கு அப்பிடியாம்."

"அண்ணைக்கு மட்டும் ஒண்டும் வளரேல்லை. குடுத்து வைச்ச ஆள்" என்றார் மகேஸ்வரன்.

எத்தனை படி ஏறினால் இறுக்கம் வருகிறது என்று தாதி கேட்டார்.

"இருபத்திரண்டு" என்றார் குகநாதன், ஜெர்மனில், உடனேயே.

மகேஸ்வரனுக்கு இலக்கங்கள் அளவுக்கு ஜெர்மன் தெரியும். "அண்ணை," என்றார், "நான் ஒருநாளும் எண்ணிப் பாக்கேல்லையே."

தாதி கணினியிலிருந்து நிமிர்ந்தார். குகநாதன் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. இடக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை மெல்லச் சுருட்டி, மேசை மேல் மகேஸ்வரனின் கைக்குப் பக்கத்தில் தன் வெறும் மணிக்கட்டை வைத்தார்.